கூடம் கோணலில்லை

"மெஷின் இழுக்குதுக்கா."

தம்பி இதை முதன்முதலில் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அக்காவின் நிம்மதி போயிற்று என்று சொன்னால் அது கொஞ்சம் அதிகம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் போயின, அது நிச்சயம்.

அவள் வேலையே அதுதான். பெரிய கம்ப்யூட்டர் கடை ஒன்றின் பின்பக்க அறையில், கேம் ஆடுவதற்கென்றே உருவாக்கப்படும் மெஷின்களைச் சோதித்து அனுப்புகிறவள். கடையில் அவளுக்குப் பெயரே 'டெஸ்டர்'தான். பதினோரு வருடத்தில் அவள் 'ஓகே' போட்ட மெஷின் ஒன்றுகூட வாசல் தாண்டித் திரும்பி வந்ததில்லை. "எங்க டெஸ்டர் கையெழுத்துப் போட்டா மெஷினே பயந்துக்கிட்டு ஒழுங்கா ஓடும் சார்" என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் பெருமை பேசுவார்.

அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒரே ஒரு பாகத்தை மாற்ற வேண்டும். ஓட்டிப் பார்க்க வேண்டும். கோளாறு போகவில்லையென்றால் அந்தப் பாகம் நிரபராதி. அடுத்ததைப் பிடிக்க வேண்டும். போலீஸ்காரர் மாதிரி. தம்பியின் மெஷினையும் அவள் அப்படித்தான் விசாரித்தாள்.

சுடும்போது ஒரு நொடி தாமதமாகிறது என்றான். மெமரியை மாற்றினாள். மௌஸ் பிடிக்குள் நிற்காமல் நழுவுகிறது என்றான். இரண்டு பக்கமும் ரப்பர் ஒட்டிக் கொடுத்தாள். சுண்டுவிரல் மரத்துப் போகிறது என்றான். கைக்கு அடக்கமாக வேறு மௌஸ் வந்தது. பிறகு திரை, பிறகு கேபிள். ஒவ்வொரு பாகம் மாறியதும் இரண்டு நாள் "சூப்பர்க்கா!" என்பான். மூன்றாம் நாள் பழைய பல்லவி.

"ஆட மாட்டாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றாள் அம்மா ஒருநாள், துணி மடித்துக்கொண்டே.

அக்காவுக்குச் சுருக்கென்றது. "கூடம் நிஜமாவே கோணலா இருந்தா என்னம்மா செய்வே? நான் நேராக்கிக் காட்டறேன், பாரு."

அவளுக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இருந்தது. தம்பிக்கு இருபத்தாறு வயது. படிப்பு பாதியில் நின்றது. இரண்டு வேலை மூன்று மூன்று மாதத்தில் முடிந்தன. உருப்படியாக அவனுக்கு வந்தது ஒன்றே ஒன்று, அந்தத் துப்பாக்கி விளையாட்டு. ஐந்து பேர் கொண்ட அணியில் அவனுக்குப் 'பல்லி' என்று பெயர். சுவரோடு சுவராக ஒட்டி நகர்ந்து, எதிராளி மூச்சு விடுவதற்குள் தட்டிவிடுவான். அந்த அணிக்கு இப்போது பெரிய லீக்கில் இடம் கிடைத்திருந்தது. ஐந்து பேர் யார் யார் என்று சனிக்கிழமை ஆட்டத்துக்குப் பிறகு முடிவாகும். ஆறாவதாக ஒருவன் வெளியே தயாராகக் காத்திருந்தான். அணியின் கேப்டன் வேறு ஊர்க்காரன். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். "பல்லி, சனிக்கிழமைக்குள்ள மெஷினைச் சரி பண்ணிடு. இல்லேன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று அந்தக் குரல் சொல்லிவிட்டது.

அப்போதுதான் கடைக்குப் புது சிப் வந்தது.

மெஷினின் மூளை அது, தீப்பெட்டி அளவுதான். ஆனால் அதன் முதுகிலேயே பெரிய சேமிப்பு அடுக்கு ஒன்றை ஒட்டிவைத்திருந்தார்கள். முதலாளி அதை விளக்குகிற அழகே தனி. "சமையல்காரன் ஒவ்வொரு வெங்காயத்துக்கும் ஸ்டோர் ரூமுக்கு ஓடினா சாப்பாடு எப்ப வரும்? இதுல வெங்காயக் கூடை அடுப்புப் பக்கத்துலயே இருக்கு. அவ்வளவுதாங்க விஷயம்!"

அக்கா கேட்டாள். "சார், டெமோ பீஸை ரெண்டு வாரம் வீட்டுக்குக் கொண்டு போகட்டுமா? தம்பி மெஷின்ல போட்டுப் பாக்கணும்."

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "கொண்டு போ. ஆனா எனக்கு ஒரு வீடியோ வேணும். விரல் அழுத்தறதும் திரையில துப்பாக்கி வெடிக்கறதும் ஒரே நேரத்துல தெரியணும். ஸ்லோ மோஷன்ல. கடை வாசல் டிவியில ஓட விடலாம். உன் தம்பிதான் பெரிய ஆட்டக்காரனாச்சே, அவன் விரலே நடிக்கட்டும்."

வியாழக்கிழமை மாலை அவள் தம்பியின் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து மெஷினைத் திறந்தாள். நெம்புகோலைத் தூக்கிப் பழைய சிப்பை எடுத்தாள். புதியதை அதன் குழிக்குள் மெல்ல வைத்தாள். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பதம். மேலே பட்டாணி அளவு பசை, அதன்மேல் விசிறி. மூடியைக்கூட மூடவில்லை, தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டான்.

"அக்கா! நானூத்திப் பத்து படம் காட்டுதுக்கா, ஒரு செகண்டுக்கு! பறக்குது!"

"கத்தாதடா. அம்மா ஏதோ தீப்பிடிச்சிருச்சுன்னு ஓடி வருவாங்க."

அம்மா ஓடித்தான் வந்தாள். திரையைப் பார்த்தாள். "முன்னாடி இருந்த மாதிரியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்காவும் தம்பியும் சிரித்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

வீடியோவுக்கான ஏற்பாடு எளிது. மௌஸின் பொத்தானோடு ஒரு சிறிய சிவப்பு விளக்கை ஒயர் வைத்துச் சேர்த்திருந்தாள். பொத்தான் உண்மையில் அழுந்திய கணத்தில் விளக்கு எரியும். நொடிக்கு ஆயிரம் படம் எடுக்கும் கேமரா. விளக்கு எரிந்த படத்திலிருந்து துப்பாக்கி வெடிக்கிற படம் வரை எண்ணினால் மெஷினின் தாமதம் தெரிந்துவிடும். கூடவே இன்னொரு சோதனை: திரை சிவப்பிலிருந்து பச்சையாக மாறியதும் ஆள் அழுத்த வேண்டும். வலது கையால் இருபது தடவை அழுத்தினான். கடைசியில் குறும்பாக, "இந்தா, இடது கைப் பல்லி!" என்று நான்கு தடவை இடது கையாலும் அழுத்தினான்.

வெள்ளிக்கிழமை காலை, கடையில் தன் மேஜையில், அவள் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினாள். விளக்கிலிருந்து வெடிப்பு வரை பதினான்கு. பழைய சிப்பைக் கழற்றுமுன் எண்ணியபோது நாற்பத்தொன்று இருந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பக்கத்து மேஜையில் சால்டரிங் செய்துகொண்டிருந்த அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பதினாலா? அப்போ இனிமே உன் தம்பி தோத்தா மெஷினைக் குத்தம் சொல்ல முடியாதே" என்று சிரித்தார் அவர். "பாவம், என்ன சாக்கு சொல்லுவான்?"

அவள் பச்சைத் திரைச் சோதனைக்குப் போனாள். அங்கேதான் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

பச்சை வந்தது. நூற்று எண்பதாவது படத்தில் தம்பியின் புறங்கையில் நரம்பு எழும்பியது. நல்ல ஆட்டக்காரனுக்கான நேரம்தான் அது. ஆள்காட்டி விரல் இறங்கியது. பொத்தான் ஒரு மயிரிழை தாழ்ந்தது. விளக்கு எரியவில்லை. விரல் அப்படியே நின்று, காற்றில் திரி நடுங்குவதுபோல நடுங்கியது. லேசாக மேலே வந்தது. மறுபடி இறங்கியது. முந்நூற்று முப்பத்தைந்தாவது படத்தில் விளக்கு எரிந்தது.

அடுத்ததைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும். இருபதில் பதினான்கு தடவை விரல் இரண்டு முறை முயன்றிருந்தது.

அவளுக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? மௌஸின் ஸ்பிரிங் கடினம் என்று! உடனே அதே மாடலில் இன்னொன்றை எடுத்து, பொத்தானின்மேல் சின்னச் சின்ன எடைகளாக வைத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. சால்டரிங் அண்ணனை உட்காரவைத்து அழுத்தச் சொன்னாள். ஐம்பத்திரண்டு வயதுக்காரர், மெதுவாகத்தான் அழுத்தினார், ஆனால் ஒரே முயற்சியில். கடைசியாக, தம்பி குறும்புக்கு அழுத்திய இடது கைப் படங்களைத் திறந்தாள். நான்கும் சுத்தம். இரண்டாவது முயற்சி என்பதே இல்லை.

ஒரு பாகத்தை மாற்றியதும் கோளாறு போய்விட்டது. அப்படியென்றால் மாற்றுவதற்கு முன் இருந்த பாகம்தான் குற்றவாளி. பதினோரு வருடமாக அவள் செய்கிற கணக்கு. இந்தத் தடவை மாறியது கை மட்டும்தான்.

படத்தை நிறுத்திப் பெரிதாக்கினாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கையில், சதை மேடாக இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. தன் கையைப் பார்த்தாள். மேடு. மறுபடி திரை. பள்ளம்.

"வீடியோ ரெடியா?" என்று முதலாளி எட்டிப் பார்த்தார்.

விளக்கும் வெடிப்பும் மட்டும் தெரிகிற துண்டை வெட்டிக் கொடுத்தாள். மதியத்துக்குள் அது கடை வாசலில் ஓட ஆரம்பித்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். எல்லோர் கண்ணும் துப்பாக்கியில்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றாமலே தம்பியின் அறைக்குள் நுழைந்தாள்.

"கையைக் காட்டுடா."

"என்னக்கா, ரேகை பாக்கப் போறியா? கல்யாணம் எப்பன்னு பாத்துச் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. அவன் கையைத் திருப்பி, அந்தப் பள்ளத்தில் தன் கட்டைவிரலை வைத்தாள். எலும்பு தட்டியது. பிறகு கேமராவை அவன் முன்னால் வைத்து ஓடவிட்டாள். அவன் பார்த்தான். மறுபடி ஓட்டச் சொன்னான். மூன்றாவது தடவை பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"கேமராவுலதான் தாமதம் இருக்கும்."

"இல்ல."

"மௌஸ்?"

"எடை வச்சுப் பாத்துட்டேன். நல்லாயிருக்கு."

"அப்போ போர்டுல ஏதாவது..."

"தம்பி, மெஷின்ல ஒண்ணுமே இல்லடா."

அவன் முகம் கடுத்தது. "நேத்து வரைக்கும் மெஷின்தான்னு நீதானே சொன்னே? எட்டு மாசமா நீதானே ஒவ்வொண்ணா மாத்தினே? இன்னிக்கு மாத்தறதுக்கு உனக்குப் பார்ட் கிடைக்கல, அதனால என் கையா?"

"டாக்டர்கிட்ட போலாம். நாளைக்கே."

"நாளைக்கு மேட்ச்."

"மேட்ச் கிடக்கட்டும்டா."

"உனக்குக் கிடக்கும்" என்றான். பிறகு குரல் இறங்கியது. "ஒரு நாள்க்கா. ஒரே ஒரு நாள். திங்கக்கிழமை நீ எங்க கூப்பிட்டாலும் வரேன். அந்த வீடியோவை மட்டும் யாருக்கும் காட்டாதே."

அவள் ஒப்புக்கொண்டாள். வேறென்ன செய்வாள்? வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழியை உடைத்தவள் என்ற பெயர் தனக்கு வரவேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம். அவள் கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அவன் பின்னால் நின்றாள். அம்மாவும் வந்து கதவில் சாய்ந்துகொண்டாள். கேப்டனின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

"பல்லி, புது மெஷினாமே! இன்னிக்கு நாலு பேர் தலையாவது எனக்கு வேணும்."

"அஞ்சாவே எடுத்துக்கோ கேப்டன்."

முதல் கால் மணி நேரம் அவன் சொன்னதைச் செய்தான். சுவரோரமாக நகர்ந்தான், மூலையில் காத்திருந்தான், இரண்டு பேரை வீழ்த்தினான். அம்மாகூடக் கைதட்டினாள். அக்கா மட்டும் திரையைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்ததில் வேறொன்றும் கண்ணில் பட்டது. அவன் வலது முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றியிருந்தான். முழு உடம்பின் பாரமும் அந்த ஒரு புள்ளியில். சட்டைக் கை மேலேறிய இடத்தில், முழங்கையின் உட்பக்கம், சிவந்து தடித்த கோடு ஒன்று விளிம்பின் அளவுக்கு அச்சாகப் பதிந்திருந்தது.

மூன்றாவது எதிராளி நேருக்கு நேர் வந்தான். தம்பி அவனை முதலில் பார்த்தான். அதில் சந்தேகமே இல்லை. குறி நெற்றியில் நின்றது. துப்பாக்கி வெடிக்கவில்லை. எதிராளியுடையது வெடித்தது.

"என்ன பல்லி, அவனுக்கு வணக்கம் சொல்லிக்கிட்டு இருந்தியா?"

"சாரி கேப்டன்."

நான்காவதும் அப்படியே. ஐந்தாவதும். ஆறாவது தடவை மௌஸே கையிலிருந்து நழுவி மேஜையில் உருண்டது.

"பல்லி! சுவத்துலயே தூங்கிட்டியா?"

தம்பி இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பிறகு மைக்கில் சொன்னான்: "மெஷின் இழுக்குது கேப்டன்."

"புதுசுன்னு சொன்னியேடா?"

"புதுசுதான். இன்னும் செட் ஆகல."

மூடி திறந்தபடி இருந்த மெஷினுக்குள் விசிறி சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் எண் நானூற்றுப் பத்துக்குக் கீழே ஒரு தடவைகூட இறங்கவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் ஒரு காகிதத் துண்டைக் கொடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு மெதுவாக இழுத்தார். இடது கையிலிருந்து காகிதம் கிழிந்து வந்தது. வலது கையிலிருந்து அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. ஊசி வைத்து, மின்சாரம் வைத்து, வேறு சோதனைகளும் நடந்தன. எல்லாம் முடிந்து அவர் தன் முழங்கையைத் தட்டிக் காட்டினார்.

"எங்கேயாவது இடிச்சுக்கிட்டா ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு. இங்கேதான் தோலுக்குப் பக்கத்துல ஓடுது. மேஜை விளிம்புல ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஊனுவீங்க?"

"பத்து" என்றான் தம்பி. "டெஸ்ட் பண்ற நாள்ல பதினாலு."

"என்ன டெஸ்ட்?"

"மெஷின்ல புதுசா ஏதாவது மாத்தினா ஓட்டிப் பாக்கணும் சார். நாள் முழுக்க."

டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "சுண்டுவிரல் மரத்துப் போறது எப்ப ஆரம்பிச்சுது?"

"எட்டு மாசம் இருக்கும்."

"அப்பவே என்ன பண்ணீங்க?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா சொன்னாள்: "மௌஸ் மாத்தினோம்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. அறுவை சிகிச்சை செய்து நரம்பை வேறு பாதைக்கு மாற்றலாம், மேற்கொண்டு கெடாமல் நிறுத்தலாம் என்றார். கரைந்துபோன சதை திரும்புமா என்று அக்கா கேட்டாள்.

"கொஞ்சம் வரலாம். சாப்பிடலாம், எழுதலாம், வண்டி ஓட்டலாம். அந்தப் பழைய வேகத்தை மட்டும் எதிர்பாக்காதீங்க. ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்."

பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். தம்பி ஜன்னல் பக்கம். மூன்று நிறுத்தம் கழித்து அவனே பேசினான்.

"கேப்டன் உனக்கு போன் பண்ணுவான். உன் நம்பர் கொடுத்திருக்கேன்."

"எதுக்குடா?"

"மெஷின்தான் கோளாறுன்னு நீ சொல்லணும்."

"நானா? அதுல ஒரு குறையும் இல்லடா. பதினாலு. நானே எண்ணினேன்."

"தெரியும். நான் சொன்னா சாக்குன்னுவாங்க. நீ சொன்னா நம்புவாங்க."

"ஏன்டா இப்படி? உண்மையைச் சொன்னா என்ன?"

"கை போச்சுன்னு தெரிஞ்சா பாவப்படுவாங்க" என்றான் அவன். "மெஷின் போச்சுன்னா திட்டுவாங்க. திட்டு எனக்குப் பழக்கம்க்கா. நான் வாங்கிக்கறேன்."

அவள் அவனுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது அந்தக் கையைத்தான் பிடித்திருந்தாள். அவன் இழுத்துக்கொள்ளவில்லை. இறங்கும்போது, "சிப்பைக் கழட்டிக் கொண்டு போயிடு. வீட்டுல அது இருக்க வேண்டாம்" என்றான்.

செவ்வாய்க்கிழமை கடையில் வேலை தலைக்கு மேல் இருந்தபோது போன் வந்தது. எதிரிலேயே முதலாளி நின்றுகொண்டிருந்தார். சிப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் படிவம் அவர் கையில் இருந்தது.

"பல்லியோட அக்காவா? நான் கேப்டன் பேசறேன். லிஸ்ட் கொடுக்கணும். அவன் மெஷின்தாங்கறான். நீங்க பெரிய டெஸ்டராமே, நீங்க சொல்லுங்க. மெஷினா, ஆளா?"

பதினோரு வருடத்தில் அவள் நல்ல பொருளைக் கெட்டது என்று சொன்னதில்லை. கெட்டதை நல்லது என்றும் சொன்னதில்லை.

"மெஷின்தான்" என்றாள்.

"எது? எந்த பார்ட்டு? மாத்திட முடியாதா?"

"இப்போதைக்கு முடியாது."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "எனக்குத் தெரியும்ங்க. அவன் கை பொய் சொல்லாது. சரி, இந்த சீசனுக்கு வேற ஆளைப் போடறேன். மெஷின் ரெடியானதும் வரச் சொல்லுங்க. பல்லிக்கு எங்ககிட்ட எப்பவும் இடம் இருக்கு."

"சொல்றேன்" என்று போனை வைத்தாள்.

முதலாளியின் முகம் மாறியிருந்தது. "நம்ம சிப்புலயா கோளாறு? நீ டெஸ்ட் பண்ணினதுலயா? வாசல்ல வேற டிவியில ஓடிக்கிட்டு இருக்கு. ஆளாளுக்குக் கேப்பாங்களே, நான் என்ன சொல்ல?"

அவள் படிவத்தை வாங்கிக்கொண்டாள். பையிலிருந்து சிப்பின் பெட்டியை எடுத்து அவர் முன் வைத்தாள். 'கண்டறிந்த குறை' என்ற இடத்தில், 'எதுவும் இல்லை' என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினாள்.

முதலாளி படித்தார். பெட்டியைப் பார்த்தார். போனைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தபோது அவருடைய கோபம் இறங்கியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து, ஸ்டூலை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"தம்பிக்கு என்னம்மா ஆச்சு?"

"முழங்கை சார்" என்று ஆரம்பித்தாள். டாக்டர் காட்டிய மாதிரியே தன் முழங்கையைத் தட்டிக் காட்டினாள்.